விமானமும் இல்லை, தூக்கமும் இல்லை: கொரோனாவில் தவித்த சீன மாணவர்கள்

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, 2020-ம் ஆண்டு வெளிநாடுகளில் படித்த சீன மாணவர்கள் கதை அதுதான். அந்த ஏப்ரலில் சுமார் 14 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருந்ததாக சீன அரசே கணக்கு சொன்னது.

முதல் இடி படித்த ஊரில். சளி பிடித்தாலே முககவசம் போடுவது சீனாவில் பழக்கம். அமெரிக்கா, இங்கிலாந்தில் அப்போது முககவசம் போட்டவர் என்றால் நோயாளி என்று நினைப்பு. போட்டால் ரோட்டில் ஏச்சு, போடாவிட்டால் நோய் பயம்.

அடுத்த இடி சொந்த நாட்டில். மார்ச் 29 முதல் ஒரு விமான நிறுவனம் ஒரு நாட்டுக்கு வாரம் ஒரே தடவைதான் பறக்கலாம் என்று சீனா உத்தரவு போட்டது. டிக்கெட் விலை பல மடங்கு எகிறியது. இணையத்திலோ, "நோயை சுமந்துக்கிட்டு வர்றாங்க" என்று கேலி வேறு!

ஒருவழியாக வீடு போய் சேர்ந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. கோடையில் நியூயார்க்கில் பகல் 2 மணி வகுப்பு என்றால் பீஜிங்கில் நள்ளிரவு 2 மணி. மாதக்கணக்கில் இப்படி தூக்கம் கெட்டால் பதற்றமும் மனச்சோர்வும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

இவர்களில் ஏராளமானோர் ஒரே பிள்ளை சட்டம் இருந்த காலத்தில் பிறந்தவர்கள். பெற்றோரின் சேமிப்பெல்லாம் இவர்கள் படிப்பில்தான். 'நல்லதை சொல்லு, கெட்டதை சொல்லாதே' என்று சீனாவில் ஒரு வழக்கு உண்டு. போனில் அம்மா கேட்டால், "நல்லாத்தான் இருக்கேன்" என்பதே பதில். சீன தூதரகங்கள் முககவசமும் மருந்தும் பையில் போட்டு கொடுத்தன. மனசுக்குள் இருந்ததை யாரிடம் சொல்வது?

விமான கட்டுப்பாடும், ஊர் திரும்புவோரை அடைத்து வைப்பதும் 2023 ஜனவரி 8-ந்தேதிதான் முடிவுக்கு வந்தன.