கீமோ எடுக்கிறவர் வயிற்றைக் காப்போம்

தோட்டத்துப் பாட்டாளிகளே! புற்றுநோய் என்றதும் நமக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. மீதி உயிரைக் கீமோ மருந்து எடுத்துவிடும் என்று லயத்தில் பேசிக்கொள்கிறோம். இரண்டு ஊசி போட்டதும் வாந்தி, பேதி தாங்காமல், "இனி ஆஸ்பத்திரிப் பக்கமே போகமாட்டேன்" என்று படுத்துவிடுகிறவர்கள் உண்டு. பாதியில் நிறுத்தினால் நோய்க்குத்தான் கொண்டாட்டம்.

வயிறு ஏன் கெடுகிறது? வேகமாகப் பெருகும் உயிரணுக்களைக் கீமோ தாக்குகிறது. புற்றுநோய் உயிரணு அப்படிப்பட்டது. நம் குடலின் உள்தோலும் அப்படித்தான். மூன்று முதல் ஐந்து நாளுக்குள் பழசு உதிர்ந்து புதுசு வளரும். பால் மரத்தில் வெட்டின பட்டை மறுபடி வளர்கிறதே, அதைப் போல. மருந்து அந்த வளர்ச்சியைத் தடுப்பதால் வாய்ப்புண்ணும் பேதியும் வருகின்றன. குடலில் இருக்கும் நல்ல கிருமிகளும் நிலை குலைகின்றன. பெரும்பாலும் அடுத்த ஊசிக்குள் குடல் தேறிவிடும். அதுவரை நாம் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு தேடாதீர்கள். டாக்டர் சொன்ன நேரத்தில் முன்கூட்டியே போடுங்கள். ஒரே தட்டாகச் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை சாப்பிடட்டும். பேதி இருக்கும்போது கஞ்சி, வாழைப்பழம், அவித்த உருளைக்கிழங்கு போதும். சம்பால், எண்ணெய்ப் பலகாரம், பால் வேண்டாம். ஒரு லிட்டர் ஆறவைத்த சுடுநீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிப் போட்டு, அடிக்கடி குடிக்கக் கொடுங்கள். வயிறு தேறியதும் நன்றாக வேகவைத்த கீரை, பருப்பு கொடுங்கள். நல்ல கிருமிகளுக்கு அதுதான் தீனி.

அரைவேக்காட்டு முட்டை, பச்சை உலாம், கொதிக்காத தண்ணீர் கூடாது. வெள்ளை அணு குறைந்த உடம்பு கிருமியைத் தாங்காது. "நல்ல கிருமி" மாத்திரையும் உயிருள்ள கிருமிதான். அதையும் நாட்டு மருந்து, சின்சே மருந்தையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். சில வேர், இலைகள் ஈரலைக் கெடுக்கும். சில கீமோவின் வேலையையே கெடுக்கும்.

வழக்கத்தைவிட நாலு தடவை அதிகமாகப் பேதி போனாலோ, தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் பெனடோல் போட்டுப் படுக்க வைக்காதீர்கள். நடு ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

"லீவு போட்டால் சம்பளம் போகுமே" என்ற கவலையா? தீபகற்ப மலேசியாவில் 2023 ஜனவரி முதல், வழக்கமான மருத்துவ விடுப்பு போக, ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியவருக்கு ஆண்டுக்கு 60 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. டாக்டர் சீட்டை வாங்கி ஆபீசில் கொடுங்கள். மறுத்தால் சங்கத்துக்கு வாருங்கள்.

ஊசித் தேதியைத் தவறவிடாதீர்கள். வயிற்றுக் கஷ்டத்தை மறைக்காதீர்கள். டாக்டரிடம் சொன்னால் மருந்தின் அளவைக் குறைக்கலாம், தேதியைத் தள்ளலாம். சொல்லாமல் நின்றுவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.