உங்களுக்குத் தெரியுமா? குட்டிப் பயணிகளும் சாலைச் சட்டமும்

● ஒன்பது மாதம் முதல் நான்கு வயதுவரை உள்ள குழந்தையை டூவீலரில் பின்னால் ஏற்றினால், வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. குழந்தைக்கு ஹெல்மெட் வேண்டும்; சைக்கிள் ஹெல்மெட்டும் செல்லும். குழந்தையை ஓட்டுநரோடு சேர்த்துப் பிணைக்கும் பாதுகாப்பு வார்ப்பட்டையும் கட்டாயம். அது 30 கிலோ எடை தாங்க வேண்டும் என்றுகூட விதி சொல்கிறது. 2022 பிப்ரவரி 15 அன்று மத்திய அரசு வெளியிட்ட இந்த விதிக்கு ஓராண்டு அவகாசம் தரப்பட்டது. 2023 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் பெட்ரோல் டேங்க் மேல் உட்காரும் பிள்ளைகளை இன்றும் எல்லாத் தெருவிலும் பார்க்கலாம்.

● டூவீலரில் போகும், நான்கு வயது தாண்டியவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு சொல்வது இதுதான். மீறினால் 1,000 ரூபாய் அபராதத்தோடு, ஓட்டியவரின் லைசென்ஸை மூன்று மாதம் முடக்கவும் 194டி பிரிவு இடம் தருகிறது. "பக்கத்துத் தெருதானே" என்பதற்கு அதில் விலக்கு இல்லை.

● காரில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் உட்கார்ந்திருந்தால், 1,000 ரூபாய் கட்ட வேண்டியவர் ஓட்டுநர். 2019 திருத்தத்தில் வந்த 194பி பிரிவு இது. மடியில் வைத்துக்கொண்டால் போதாதா? 40 கிலோமீட்டர் வேகத்தில் கார் மோதி நின்றால், கட்டப்படாத குழந்தை முன்னால் பாயும் வேகம், ஆறு மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழும் வேகத்துக்குச் சமம். எந்த அம்மாவின் கையும் அதைத் தாங்காது.

● குழந்தை இருக்கையைக் கட்டாயமாக்கிய முதல் அமெரிக்க மாநிலம் டென்னசி. ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் விடாமல் வாதாடியதால் 1977-இல் சட்டம் நிறைவேறி, 1978-இல் அமலுக்கு வந்தது. ஆனால் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்ற விலக்கும் கூடவே நுழைந்துவிட்டது. அதை நீக்க 1981 வரை போராட வேண்டியிருந்தது. 1985-க்குள் 50 மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் வந்துவிட்டது.

● ஐ.நா.வின் 129-வது வாகன விதிப்படி தயாராகும் குழந்தை இருக்கைகளில், 15 மாதம் ஆகும்வரை குழந்தை காரின் பின்பக்கம் பார்த்தே உட்கார வேண்டும். பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலை. மோதலில் அந்தத் தலை முன்னால் வீசப்பட்டால் பிஞ்சுக் கழுத்து தாங்காது. பின்பக்கம் பார்த்திருந்தால் அடியை முதுகு முழுவதும் பகிர்ந்துகொள்ளும்.

● பிரிட்டனில் 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர், ஜெர்மனியில் 12 வயது அல்லது 150 சென்டிமீட்டர்: இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை குழந்தை இருக்கை வேண்டும். சிங்கப்பூரிலும் உயரம்தான் கணக்கு: 135 சென்டிமீட்டர். பெரியவர்களுக்காக அமைத்த பெல்ட், குள்ளமான பிள்ளைக்குத் தோளில் படாமல் கழுத்திலும், இடுப்பில் படாமல் வயிற்றிலும் அழுத்தும் என்பதே காரணம். சிங்கப்பூரில் பத்து வயது நிரம்பாத பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றவே கூடாது.

● அமெரிக்காவில் பள்ளிப் பேருந்து நின்று சிவப்பு விளக்கு மினுக்கினால், பின்னால் வரும் வண்டிகள் நின்றாக வேண்டும். நடுவே தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் எதிரே வருபவையும் நிற்க வேண்டும். அந்தப் பேருந்தின் மஞ்சள் நிறம் 1939-இல் நியூயார்க்கில் கூடிய மாநாட்டில் முடிவானது. மங்கலான வெளிச்சத்திலும் மஞ்சள்மேல் கறுப்பு எழுத்து நன்றாகத் தெரியும்.

● 2012 ஜூலையில் சென்னைப் புறநகரில், பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கெனச் சிறப்பு விதிகள் பிறந்தன. பள்ளி வளாகத்தில் ஒரு சிறுவன் வாகனத்தில் அடிபட்டு இறந்த பிறகு, 2022-இல் முன்னும் பின்னும் கேமராவும், பின்பக்கம் சென்சாரும் கட்டாயமாயின.

● பிரிட்டனில் பள்ளி அருகே நீண்ட கம்பில் வட்டப் பலகையோடு நிற்பவரை 'லாலிபாப் லேடி' என்பார்கள். 1953-இல் இயற்றிய சட்டம் அவருக்கு வண்டிகளை நிறுத்தும் அதிகாரம் தந்தது. பலகையை மதிக்காமல் போனால் அபராதம் 1,000 பவுண்டு வரை போகலாம்.

● தென் கொரியாவின் ஆசான் நகரில் 2019-இல் பள்ளி அருகே சாலையைக் கடந்த ஒன்பது வயதுச் சிறுவன் கார் மோதி இறந்தான். அவன் பெயராலேயே அழைக்கப்படும் சட்டம் 2020 மார்ச்சில் அமலானது. பள்ளிப் பகுதியில் வேகம் 30 கிலோமீட்டர். கவனக்குறைவால் 13 வயதுக்குட்பட்ட பிள்ளை இறந்தால் குறைந்தது மூன்று ஆண்டு சிறை, கூடினால் ஆயுள். ஏன் 30? ஓட்டுநர் சுதாரிக்க ஒரு நொடி ஆகுமென்றால், உலர்ந்த சாலையில் 30 கிலோமீட்டர் வேக வண்டி சுமார் 13 மீட்டரில் நிற்கும். 50 என்றால் 28 மீட்டர் ஓடிவிடும்.

● இந்தியாவில் பதினெட்டு நிரம்பாத மகன் வண்டியோட்டிக் குற்றம் செய்தால் குற்றவாளி அப்பா, அல்லது வண்டியின் உரிமையாளர். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஓராண்டுக்கு ஆர்.சி. ரத்து. பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. "எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்" என்று சொன்னால் மட்டும் போதாது. சம்மதத்தோடுதான் கொடுத்தார் என்றே நீதிமன்றம் முதலில் கருதும். இல்லையென்று நிரூபிப்பது அவர் பாடு. சாவியைப் பூட்டி வைப்பது அதைவிடச் சுலபம்.