வேர் இல்லாத செடி விற்பனை! மல்லிகை வாங்குவோர் உஷார்!

மொட்டும் இலையுமாக வாசலுக்கே வந்தது மல்லிகைச் செடி. "ஒரே வாரத்துல பூத்துக் குலுங்கும் சார்" என்றார் தள்ளுவண்டிக்காரர். ரூ.80 கைமாறியது. இரண்டு மொட்டு விரிந்தது. பத்தாம் நாள் செடி காலி!

ஏமாந்தது வேறு யாரும் அல்ல, இந்த நிருபர்தான். பிடுங்கிப் பார்த்தால் அடியில் ஒரு வேர்கூட இல்லை. வெறும் குச்சியைத் தொட்டியில் செருகித் தலையில் கட்டிவிட்டார்கள்!

துளிரை நம்பாதீர்!

ஒடித்த குச்சிக்குள் கொஞ்சம் சத்து சேர்ந்திருக்கும். அந்தக் கையிருப்பில் வேர் இல்லாமலே துளிர் விடும், மொட்டும் விரியும். கையிருப்பு தீர்ந்தால் கதை முடிந்தது.

எனவே செடி வாங்கும்போது தொட்டியின் அடி ஓட்டையைப் பாருங்கள். வேர் எட்டிப் பார்த்தால் நல்லது. தண்டை மெல்ல அசையுங்கள். கையோடு வந்தால் வாங்காதீர்கள்.

காசில்லாமல் செடி

பக்கத்து வீட்டில் குண்டு மல்லி இருந்தால் செலவே இல்லை. மல்லிகையை விதை போட்டு வளர்ப்பதில்லை. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் பதியத்திலும் குச்சியிலும் பெருகுவதுதான்.

பதியம் போட ஜூன் முதல் நவம்பர் வரை நல்ல காலம். ஒரு வயதான முற்றிய கிளையை வளைத்து, கணுவுக்குக் கீழே பட்டையை லேசாகச் சீவ வேண்டும். சீவிய இடத்தைப் பக்கத்தில் வைத்த தொட்டி மண்ணில் 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் புதைத்து, கிளம்பாமல் இருக்க மேலே அரைச் செங்கல் வைக்கலாம். நுனி வெளியே இருக்கட்டும்.

மூன்று, நான்கு மாதத்தில் வேர் பிடிக்கும். அதுவரை தாய்ச் செடி சோறு போடுவதால் கிளை பட்டினி கிடக்காது. வேர் நன்றாகப் பிடித்த பிறகே தாயிடம் இருந்து அறுக்க வேண்டும். அறுத்ததும் சில நாள் நிழலில் வையுங்கள்.

குச்சி நடுவது எப்படி?

அவசரக்காரர்கள் குச்சி நடலாம். பென்சில் கனம், நான்கு கணு போதும். அடிக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட வேண்டும். தலைகீழாக நட்டால் வீண்! மணல் கலந்த செம்மண், நிழல், ஈரம் வேண்டும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். நான்கு நட்டால் இரண்டு தேறலாம். செம்பருத்தி, நந்தியாவட்டைக்கும் இதே வழிதான்.

மாடி வீட்டு அம்மாள் தயவில் இந்த நிருபர் வீட்டிலும் இப்போது ஒரு கிளை பதியத்தில் இருக்கிறது. அவர் போட்ட ஒரே கண்டிஷன்: "வேர் வந்துச்சான்னு தினம் தோண்டிப் பாக்காதே தம்பி!"