ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் துகள்கள்

கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடும் நீரில் கரையாதவை. ரத்தமோ பெரும்பகுதி நீர். எனவே இவை லிப்போபுரதம் என்னும் நுண்ணிய உருண்டைகளில் அடைபட்டே உடலெங்கும் பயணம் செய்கின்றன. உருண்டையின் உள்ளே கொழுப்பு; வெளியே பாஸ்போலிப்பிடுகளால் ஆன மெல்லிய உறை; உறையில் பதிந்த புரதங்கள்.

உணவில் வந்த கொழுப்பைக் குடல் கைலோமைக்ரான் என்னும் பெரிய துகள்களில் ஏற்றுகிறது. விருந்துக்குச் சில மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தின் சீரம் பால்போலக் கலங்கியிருப்பது இவற்றால்தான். கல்லீரல் தன் பங்குக்கு விஎல்டிஎல் துகள்களை அனுப்புகிறது. தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள நுண்குழாய்ச் சுவர்களில் இருக்கும் நொதி ஒன்று அவற்றின் டிரைகிளிசரைடைச் சிதைக்கிறது. சரக்கு குறையக் குறைய விஎல்டிஎல் சுருங்கி, அவற்றில் ஒரு பகுதி கொலஸ்ட்ரால் மிகுந்த எல்டிஎல் ஆகிறது. அதைக் கல்லீரல் செல்களின் ஏற்பிகள் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இந்த ஏற்பியைக் கண்டறிந்து கொலஸ்ட்ரால் கட்டுப்பாட்டை விளக்கிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர்.

இத்துகள்களின் புரதங்களில் மிக வியப்பானது அபோ-பி. கல்லீரலில் இது 4,536 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட சங்கிலி. குடலிலும் அதே மரபணுதான். ஆனால் அங்கே ஆர்என்ஏ நகலில் ஒரே ஓர் எழுத்து மாற்றப்படுகிறது. அந்த இடம் நிறுத்தக் குறியாகிவிட, 48 விழுக்காடு நீளத்திலேயே புரதம் முடிந்துவிடுகிறது. குட்டையோ நெட்டையோ, ஒரு துகளுக்கு ஓர் அபோ-பி மட்டுமே. விஎல்டிஎல்லாகப் பிறந்து எல்டிஎல்லாக முடியும்வரை அது துகளை விட்டு நீங்குவதில்லை. ஆகவே அபோ-பியை அளப்பது துகள்களை எண்ணுவதாகும்.

வழக்கமான ரத்தப் பரிசோதனை துகள்களை எண்ணுவதில்லை. அவை சுமக்கும் கொலஸ்ட்ராலின் எடையையே சொல்கிறது. ஒரே எடை நெல்லைச் சில பெரிய மூட்டைகளிலும் கட்டலாம், பல சிறிய சிப்பங்களிலும் கட்டலாம். டிரைகிளிசரைடு உயர்ந்தவர்களிடம் எல்டிஎல் துகள்கள் கொலஸ்ட்ராலை இழந்து சிறுத்து அடர்ந்துவிடுகின்றன. அப்போது எல்டிஎல் கொலஸ்ட்ரால் அளவோடு இருக்க, துகள்கள் மட்டும் மிகுந்திருக்கும். நீரிழிவிலும் தொப்பையிலும் இது சாதாரணம். உயர்ந்த டிரைகிளிசரைடும், அபோ-பி இல்லாத வேறொரு லிப்போபுரதமான எச்டிஎல்லின் தாழ்ந்த அளவும் தெற்காசியரிடம் பரவலாகக் காணப்படுபவை.

தமனிச் சுவருக்குள் நுழைந்து சிக்குவது அபோ-பி தாங்கிய துகள். துகள்கள் பெருகினால் சிக்குபவையும் பெருகும். அங்கிருந்தே அடைப்பு வளரத் தொடங்குகிறது. எச்டிஎல் மிகுந்திருப்பதால் இந்த ஆபத்து நீங்கிவிடாது. எச்டிஎல்லை உயர்த்திய டார்செட்ராபிப் என்னும் மருந்தின் பெரும் சோதனை, மருந்து எடுத்தவர்களிடம் மரணங்கள் கூடியதால் 2006இல் நிறுத்தப்பட்டது.

இவ்வளவு தெரிந்த பிறகும் அறிக்கையில் எல்டிஎல் என்ற ஒற்றை எண்ணைப் பார்த்து நிம்மதியடைவது பொருத்தமற்றது. அபோ-பி பரிசோதனை எளிதில் கிடைக்காத இடத்திலும் ஒரு வழி உண்டு. மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்டிஎல்லைக் கழித்தால், அபோ-பி துகள்கள் எல்லாம் சேர்ந்து சுமக்கும் கொலஸ்ட்ரால் கிடைக்கும். இதற்குத் தனிச் செலவு இல்லை. உண்ணாமல் இருந்து ரத்தம் கொடுக்க வேண்டியதும் இல்லை. நீரிழிவோ உயர்ந்த டிரைகிளிசரைடோ உள்ளவர்கள் இந்த எண்ணை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.