விடிவெள்ளியும் கடைசித் தேதியும்

விடிவெள்ளி கிளம்பியதும், புதுச்சேரியின் மீனவ ஊரான நல்லவாட்டின் ஆண்கள் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டுமரத்துக்கு நடப்பார்கள். அந்தக் காலடிச் சத்தத்தில்தான் ஆயா பேரனின் காலைத் தட்டுவாள். "எழுந்திரு கண்ணு, மாமா கெளம்பிட்டாரு. நீயும் உன் வேலயப் பாரு." அரிக்கேன் விளக்கின் கண்ணாடியை முந்தின நாள் மாலையே சாம்பல் போட்டுத் துடைத்து வைத்திருப்பாள். ஆயாவுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் பேரனின் படிப்பைக் கண்காணிக்க அவளுக்கு ஒரு வழி இருந்தது: வாய்விட்டுப் படிக்கச் சொல்வாள். சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் பிள்ளை படிக்கிறான், நின்றுவிட்டால் தூங்கிவிட்டான்.

நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் மீனவக் குடும்பம் தன் பிள்ளையின் படிப்புக்குத் தந்த உதவி பெரும்பாலும் இவ்வளவுதான். எழுப்பிவிடுவது, விளக்குக்கு எண்ணெய் வார்ப்பது, பரீட்சை மாதத்தில் அவனைக் கரைவலை இழுக்கக் கூப்பிடாமல் விட்டுவிடுவது. கடைசியாகச் சொன்னது சின்ன உதவி இல்லை. இரண்டு கை குறைந்தால் அன்றைய பங்கும் குறையும்.

பள்ளியில் சேர்ப்பதும் அப்போது எளிது. பிள்ளை கையைத் தலைக்கு மேலே வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று கணக்கு. பிறந்த தேதி தெரியாத பிள்ளைக்கு வாத்தியாரே ஒரு தேதி போட்டுக்கொள்வார். அப்படித்தான் அந்தத் தலைமுறையில் பலருக்கு மே, ஜூன் மாதங்களில் பிறந்தநாள் வருகிறது. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் தலைமையாசிரியர் எழுதித் தரும் டி.சி.யோடு போனால் உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்துவிடும். பிறகு அந்தப் பள்ளிக்குப் பக்கத்து ஊரான தவளக்குப்பம் பக்கம் நடை.

எதிரே இருந்த மதில் ஒன்றே ஒன்று, எஸ்.எஸ்.எல்.சி. புதுச்சேரி தனி ஆட்சிப் பகுதியானாலும் நம் பிள்ளைகள் எழுதியது தமிழ்நாட்டின் தேர்வைத்தான். அதற்கு என்ன படிக்க வேண்டும் என்பது பள்ளி வாத்தியாருக்குத் தெரியும். கோனார் உரையும் பழைய வினாத்தாள் புத்தகமும் அண்ணனிடமிருந்து தம்பிக்கும், தம்பியிடமிருந்து பக்கத்து வீட்டுக்கும் போகும். முடிவு நாளன்று டீக்கடையில் செய்தித்தாளை விரித்துப் பதிவெண்ணைத் தேடுவார்கள். எண் இருந்தால் பாஸ். இல்லாவிட்டால் அடுத்த வாரமே பையன் கட்டுமரத்தில் இருப்பான். பெண்பிள்ளை மீன்கூடை தூக்குவாள். அந்த மதிலில் முட்டி நின்றுபோன படிப்புகள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. பழங்காலத்தைப் புகழும்போது இதை மறந்துவிடக் கூடாது.

இன்று கட்டுமரம் போய் பைபர் படகு வந்துவிட்டது. அரிக்கேன் விளக்கு பரணில் கிடக்கிறது. ஒற்றை மதில் இருந்த இடத்தில் வரிசையாகப் பல கதவுகள் இருக்கின்றன.

முதல் கதவு ஐந்தாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் இல்லாத, மத்திய அரசின் நவோதயா பள்ளி புதுச்சேரியில் உண்டு. நகருக்கு வடக்கே காலாப்பட்டில் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் சேர ஒரு நுழைவுத் தேர்வு. இரண்டு மணி நேரம், 80 கேள்விகள், 100 மதிப்பெண். மனத்திறனுக்கு 40 கேள்விகள், கணக்குக்கு 20, மொழிக்கு 20. தமிழிலேயே எழுதலாம். நான்கில் மூன்று பங்கு இடம் கிராமப்புறப் பிள்ளைகளுக்கு. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்பிள்ளைகளுக்கு. தங்குவதும் சாப்பாடும் அங்கேயே. ஆனால் ஒரு பிள்ளை இந்தத் தேர்வை ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். அந்த ஆண்டு விண்ணப்பிக்கத் தவறினால் அவ்வளவுதான்.

அடுத்த கதவு எட்டாம் வகுப்பில். தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வு. அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் படிக்கும், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கானது. தேர்ச்சி பெற்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். நான்கு ஆண்டில் 48,000. கடலை நம்பிய வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய ஊன்றுகோல் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு பத்தாம் வகுப்பு. இங்கேதான் தரையே மாறியிருக்கிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகள் 2023-24இல் சி.பி.எஸ்.இ.க்கு மாறத் தொடங்கின, 2025இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முதல்முறையாக அந்தப் பொதுத்தேர்வை எழுதினார்கள். பாடத்தின் பின்னால் உள்ள கேள்விகளை மனப்பாடம் செய்தால் கரையேறலாம் என்ற பழைய வழி இதில் செல்லாது. பாதிக் கேள்விகள், படித்ததை ஒரு புதுச் சூழலில் பொருத்திப் பார்க்கச் சொல்பவை. ஆயா காதால் கேட்டுக் கண்காணித்த அந்த உரத்த வாசிப்பு இப்போது போதாது. பிள்ளைக்கு உண்மையில் புரிந்திருக்கிறதா என்று உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும். பன்னிரண்டு முடித்தால் புதுச்சேரியின் உயர்கல்விச் சேர்க்கையை நடத்தும் சென்டாக், மருத்துவத்துக்கு நீட் நுழைவுத் தேர்வு. 2023இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. குப்பத்துப் பிள்ளை மருத்துவராவது இனி வெறும் கனவில்லை.

ஆக, வாய்ப்பு முன்னைவிட அதிகம்தான். ஆனால் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு படிவம், ஒரு சான்றிதழ், ஒரு கடைசித் தேதி. பழைய ஆயாவின் இடத்தில் இன்று நிற்கும் அம்மாவைப் பாருங்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதில் ஆதார், ரேஷன் கார்டு, குடியிருப்புச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ். பிரவுசிங் சென்டரில் முறைக்காகக் காத்திருக்கிறாள். படிவம் பாதி ஏறியபின் சென்டர் பையன் கேட்கிறான்: "அக்கா, ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க." அந்த ஓ.டி.பி. போன போன், வீட்டுக்காரரோடு கடலில் இருக்கிறது. அவர் கரைக்கு வரும்போது அந்த எண் செத்துப்போயிருக்கும். மறுநாள் மறுபடி வர வேண்டும். மறுநாள்தான் கடைசித் தேதியென்றால்?

பணத்தின் கணக்கும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தேர்வு முடிவு, பள்ளிச் சேர்க்கை, நோட்டு, சீருடை எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான் வருகின்றன. விசைப்படகு கரையில் கிடக்கும்போதுதான் வீட்டில் செலவு ஏறுகிறது. அந்த நேரத்தில் டியூஷனுக்கும் நீட் பயிற்சிக்கும் எங்கே போவது?

அன்று ஆயாவுக்கு எழுத்து தெரியாதது பெரிய இடையூறாக இல்லை. வழியை வாத்தியார் அறிந்திருந்தார். இன்று அம்மா பத்தாவது வரை படித்திருக்கிறாள், ஆனாலும் தடுமாறுகிறாள். பிள்ளை தேர்வு எழுதும் முன்பே, எந்தத் தேர்வு எப்போது என்று தெரிந்துகொள்வதே வீட்டுக்கு ஒரு தேர்வாகிவிட்டது. அதில் தோற்கும் பிள்ளைகளின் எண் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

இதற்கு வெளியூரில் போய் வழி தேட வேண்டாம். நல்லவாட்டின் வரலாற்றிலேயே இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரி கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. 'நம்ம ஊரு செய்தி' என்று ஓர் இதழும் நடத்தினார்கள். கடலோர ஊர்களில் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் இருந்த நம் ஊர் இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தியறிந்து போன் செய்தார். மையத்தின் ஒலிபெருக்கி ஊரை எழுப்பியது. 3,600க்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினார்கள். தகவல் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் மட்டும் போதாது, ஊர் முழுவதற்கும் நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதை நல்லவாட்டைவிட நன்றாக அறிந்த ஊர் எது?

அந்த அறிவைப் பிள்ளைகளின் படிப்புக்கும் கொண்டுவரலாம். ஊர்ப் பஞ்சாயத்தார் ஒரு பொது இடத்தில் பலகை வைத்து, ஐந்தாம் வகுப்புக்கு நவோதயா, எட்டுக்கு உதவித்தொகைத் தேர்வு, பத்துக்கும் பன்னிரண்டுக்கும் அடுத்த படிகள் என்று தேதியோடு எழுதிவைக்கட்டும். கோயில் திருவிழாவுக்கு அறிவிக்கும் ஒலிபெருக்கியில், விண்ணப்பத்தின் கடைசி வாரத்தில் மூன்று மாலை அறிவிக்கட்டும். கல்லூரிக்குப் போகும் நம் வீட்டு அண்ணன்களும் அக்காக்களும் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படிவம் போட்டுத் தரட்டும், ஒரு கணக்கைச் சொல்லித் தரட்டும். தடைக்காலத்தில் கரையில் இருக்கும் அப்பாக்கள், அந்த 61 நாளில் சான்றிதழ் வேலையை முடித்துவைக்கட்டும்.

விடிவெள்ளியைப் பார்த்து எழுப்பிவிட்ட ஆயா தன் பங்கைக் குறையில்லாமல் செய்தாள். கடைசித் தேதியைப் பார்த்துச் சொல்ல வேண்டியது நம் பங்கு. உங்கள் தெருவில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை யார் என்று இன்று மாலையே கேட்டுப் பாருங்கள்.