பேய்க் கதைக்கும் ஆதாரம் வேண்டும்: வரலாற்று நடைச் சுற்றுலா தொழில் தொடங்குவோர் அறிய வேண்டியவை

புதுடெல்லி: பாழடைந்த மாளிகைகள், பழைய கல்லறைத் தோட்டங்கள், கோட்டை வாயில்கள் ஆகியவற்றைச் சுற்றி மாலை வேளையில் சிறு குழுக்களை அழைத்துச் சென்று, அவ்விடங்களின் வரலாற்றையும் அவற்றைப் பற்றி வழங்கும் ஆவிக் கதைகளையும் சொல்வது நாட்டின் பெருநகரங்களில் ஒரு தொழிலாக வளர்ந்து வருகிறது. டெல்லி அரசின் சுற்றுலாத் துறையே 2023-ஆம் ஆண்டு மால்ச்சா மகாலில் இத்தகைய நடைப் பயணத்தைத் தொடங்கியது.

வாகனமும் அலுவலகமும் தேவையில்லை என்பதால், குறைந்த முதலீட்டில் தொடங்கக்கூடிய தொழிலாக இதைப் பலரும் கருதுகின்றனர். முதலீடு குறைவு என்பது உண்மையே. ஆனால் இத்தொழிலில் விற்கப்படும் ஒரே பொருள் வழிகாட்டியின் சொல். அது பொய்த்தால் மிச்சம் எதுவும் இல்லை.

மால்ச்சா மகால் தரும் பாடம்

டெல்லியின் சாணக்கியபுரி அருகே உள்ள காட்டுப் பகுதியில் அமைந்திருக்கும் மால்ச்சா மகால், 14-ஆம் நூற்றாண்டில் துக்ளக் ஆட்சியில் கட்டப்பட்ட வேட்டை மாளிகை. 1970-களில் வில்லாயத் மகால் என்ற பெண், தாம் அவத் அரச குடும்பத்தின் வாரிசு என்று கூறி, மகனோடும் மகளோடும் புதுடெல்லி ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறையில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்தார். இறுதியில் அக்குடும்பத்துக்கு 1985-இல் இந்தப் பாழ் மாளிகை ஒதுக்கப்பட்டது. வில்லாயத் 1993-இல் இறந்தார். மகளும் இறந்தபின் தனித்து வாழ்ந்த மகன் 2017-இல் மறைந்தார். அதன் பிறகு "பேகத்தின் ஆவி" பற்றிய பேச்சு பரவியது.

அக்குடும்பம் அரச வம்சத்தைச் சேர்ந்ததே அல்ல என்பதை 2019-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் நீண்ட புலனாய்வுக் கட்டுரை வெளிக்கொணர்ந்தது. லக்னோவில் வாழ்ந்து, நாட்டுப் பிரிவினையால் நிலைகுலைந்த குடும்பம் அது. இன்று அங்கே அழைத்துச் செல்லும் வழிகாட்டி "அரசியின் ஆவி உலவும் மாளிகை" என்று மட்டும் சொன்னால், கைப்பேசியில் தேடிப் பார்க்கும் முதல் பயணியே அவரைத் திருத்திவிடுவார். வீடும் ஊரும் இழந்த ஒரு பெண், இல்லாத அரியணை ஒன்றைப் பற்றிக்கொண்டு வாழ்ந்த உண்மைக் கதையோ, எந்த ஆவிக் கதையையும் விட நெடுநேரம் மனதில் நிற்கும்.

ராஜஸ்தானின் அல்வர் மாவட்டத்தில் உள்ள பாங்கர் கோட்டையும் இவ்வாறே. சூரியன் மறைந்தபின் நுழையக் கூடாது என்று இந்தியத் தொல்லியல் துறை வைத்த அறிவிப்புப் பலகையே பேய் இருப்பதற்குச் சான்று எனப் பலர் காட்டுகின்றனர். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களில் பெரும்பாலானவை சூரிய உதயம் முதல் மறைவு வரை மட்டுமே திறந்திருப்பவை. பலகையில் பேய் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மந்திரவாதியின் சாபத்தால் ஊர் அழிந்தது என்பது செவிவழிக் கதை. 1783-ஆம் ஆண்டுப் பஞ்சத்துக்குப் பின் ஊர் காலியானது என்பது வரலாற்றுக் குறிப்பு. இரண்டையும் சொல்லலாம், எது எது என்பதைப் பிரித்துச் சொல்வதே வழிகாட்டியின் பொறுப்பு.

கொல்கத்தா தேசிய நூலகத்தின் பழைய கட்டடத்தில் கதவோ சன்னலோ இல்லாத ரகசிய அறை இருப்பது 2010-இல் தெரியவந்தபோது, புதையல், சித்திரவதைக் கூடம் என்றெல்லாம் ஊகங்கள் எழுந்தன. உள்ளே மண் மட்டுமே நிரம்பியிருந்தது, கட்டடத்துக்கு வலுவூட்ட நிரப்பப்பட்டிருக்கலாம் என்று அடுத்த ஆண்டு அறிவிக்கப்பட்டது. நன்றாகச் சொல்லத் தெரிந்தவருக்கு அந்த மண்ணும் ஒரு கதைதான்.

உரிமமும் சட்டமும்

பலர் கவனிக்கத் தவறும் விதி ஒன்று உண்டு. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்துக்குள் பணம் பெற்றுக்கொண்டு பார்வையாளர்களைச் சுற்றிக் காட்ட, தொல்லியல் அலுவலர் வழங்கும் உரிமம் தேவை என்று 1959-ஆம் ஆண்டின் தொல்பொருள் நினைவுச் சின்ன விதிகள் கூறுகின்றன. கல்லறைத் தோட்டங்கள், தர்காக்கள், தனியார் மாளிகைகள் ஆகியவற்றுக்கு அவற்றை நிர்வகிப்போரின் எழுத்துபூர்வ அனுமதியைப் பெறுவது நல்லது. வாய்மொழி அனுமதி காவலர் மாறினால் மறைந்துவிடும்.

இருட்டில்தான் பேய்க் கதைக்குச் சுவை. இருட்டியபின் வாயில்கள் திறந்திரா. இச்சிக்கலுக்கு வழி, பயணத்தை இரண்டாகப் பிரிப்பது. மாலை வெளிச்சம் இருக்கும்போதே நினைவுச் சின்னத்துக்குள் சென்று வரலாற்றைச் சொல்லி முடித்து, எஞ்சிய நிறுத்தங்களைப் பொதுச் சாலைகளிலும் வெளிச்சுவர்களின் ஓரத்திலும் அமைத்துக்கொள்ளலாம். டெல்லியின் கூனி தர்வாசா இதற்கு ஏற்ற இடம். 1857 செப்டம்பரில் முகலாய இளவரசர்கள் மூவரை ஆங்கிலேய அதிகாரி ஹாட்சன் சுட்டுக் கொன்ற அந்த வாயிலைச் சாலையிலிருந்தே காட்டலாம். அங்கு ஆவியைச் சேர்த்தால்தான் கேட்பவர் நடுங்குவார் என்பதில்லை.

மகாராஷ்டிரத்தில் 2013 முதல் நடைமுறையில் உள்ள மூடநம்பிக்கை, பில்லிசூனிய ஒழிப்புச் சட்டம், ஆவியை வரவழைப்பதாகக் கூறி மக்களிடையே அச்சத்தை உண்டாக்குவதைக் குற்றமாகக் கருதுகிறது. கதை சொல்வது வேறு. "இன்றிரவு பேயைக் காட்டுகிறோம்" என்று விளம்பரம் செய்வது வேறு. ஜார்க்கண்ட், பீகார், அசாம் போன்ற மாநிலங்களில் சூனியக்காரி என்று முத்திரை குத்தப்பட்ட பெண்கள் இன்றும் தாக்கப்படுகின்றனர். அதைத் தடுக்கத் தனிச் சட்டங்களும் உள்ளன. உயிருடன் இருப்பவரையோ, குறிப்பிட்ட குடும்பத்தையோ, சமூகத்தையோ சுட்டும் கதைகள் எவ்வளவு சுவையானவையாக இருந்தாலும் பட்டியலில் இடம்பெறக் கூடாது. அண்மையில் துயரம் நிகழ்ந்த வீடுகளுக்கும் இது பொருந்தும்.

நம்பிக்கையின் இடங்களில் கூடுதல் கவனம் தேவை. டெல்லி பெரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளில் வியாழக்கிழமைதோறும் மக்கள் விளக்கேற்றி, ஜின்களுக்குக் கடிதம் எழுதி வைக்கின்றனர். பயணிக்கு அது திகில். கடிதம் எழுதியவருக்கு அது மகளின் திருமணம் அல்லது நீதிமன்ற வழக்கு. அந்தக் கடிதங்களைப் படிப்பதையும் படமெடுப்பதையும் தொடக்கத்திலேயே தடை செய்துவிட வேண்டும்.

வழித்தடமும் வருவாயும்

ஒன்றரை முதல் இரண்டு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், ஆறேழு நிறுத்தங்கள் என்பது பொதுவாக ஏற்ற அளவு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் குழு முழுவதும் போக்குவரத்துக்கு இடையூறின்றி நிற்க முடிய வேண்டும். கழிப்பறையும் தெருவிளக்கும் எங்கெங்கே உள்ளன என்பதை முன்கூட்டியே பார்த்து வைப்பதுடன், மெட்ரோ அல்லது பேருந்து நிலையத்தின் அருகே பயணத்தை முடிப்பது தனியாக வரும் பெண்களுக்குப் பாதுகாப்பாக இருக்கும். வசிப்பிடத் தெருக்களில் ஒலிபெருக்கி வேண்டாம்.

நபருக்கு 500 ரூபாய், ஒரு நடைக்கு 12 பேர், மாதத்துக்கு எட்டு நடைகள் என்று வைத்துக்கொண்டால் வருவாய் 48,000 ரூபாய். முன்பதிவுத் தளங்களின் தரகு, உதவியாளர் ஊதியம், நுழைவுக் கட்டணம், காப்பீடு ஆகியவை இதிலிருந்து போகும். வட இந்தியாவில் கோடையும் மழையும் சில மாதங்களைப் பறித்துக்கொள்ளும். எனவே தொடக்கத்தில் இதை முழுநேரப் பிழைப்பாக நம்புவது கடினம். ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பெரும்பாலான மாநிலங்களில் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம்.

பேய் இல்லாமலும் நடை நிலைக்கும் என்பதற்கு அகமதாபாத் சான்று. காலுபூர் சுவாமிநாராயண் கோயிலில் தொடங்கி ஜும்மா மசூதியில் முடியும் அந்நகர மாநகராட்சியின் மரபு நடை 1997 நவம்பரில் தொடங்கியது. அந்த நகரம் 2017-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய நகரமானது.

கதைகளுக்கான மூலங்கள் அருகிலேயே உள்ளன. மாவட்ட கெசட்டியர்கள், கல்லறைக் கல்வெட்டுகள், தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் இணையதளம் ஆகியவற்றை யாரும் பார்க்கலாம். கொல்கத்தா சவுத் பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தில், 1800-இல் 20 வயதில் இறந்த ரோஸ் எய்ல்மரின் கல்லறை முன் நின்றாலே, இளம் வயதில் கடல் கடந்து வந்து மாண்டவர்களின் கதை தொடங்கிவிடும்.

கட்டணம் வசூலிக்கும் முன், அதே தெருவில் வசிக்கும் முதியவர்கள் சிலரைக் கட்டணமின்றி அழைத்து ஒருமுறை நடந்து பார்ப்பது பயன் தரும். பெயர்களையும் ஆண்டுகளையும் அவர்கள் திருத்துவார்கள். எந்த நூலிலும் இல்லாத இரண்டு கதைகளையும் சொல்லக்கூடும். அவற்றைச் சொன்னவரின் ஒப்புதலோடு, செவிவழிச் செய்தி என்ற குறிப்புடன் ஏட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.