அளக்காமல் எழுதிய 0.75: வாக்கர்டன் ஊர்க் குடிநீரில் நடந்தது என்ன?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்று ஒரு சின்ன ஊர். சுற்றிலும் பண்ணைகள், மாடுகள். அப்போது மக்கள்தொகை சுமார் 4,800. 2000ஆம் ஆண்டு மே மாதம், அந்த ஊர்க் குழாய்த் தண்ணீரைக் குடித்து 2,300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். 7 பேர் இறந்து போனார்கள். கிட்டத்தட்ட ஊர் ஜனத்தொகையில் பாதி எண்ணிக்கை!

வறண்ட ஏழை நாட்டில் நடந்ததல்ல இது. குழாய், பம்பு, குளோரின் போடும் கருவி, ஆய்வுக்கூடம், சுற்றுச்சூழல் அமைச்சகம் எல்லாமே இருந்த இடம். அப்புறம் எப்படி இது நடந்தது? நீதிபதி டென்னிஸ் ஓகானர் தலைமையில் ஒரு விசாரணை ஆணையம் அமைத்து, அதன் அறிக்கையை 2002ல் இரண்டு பாகங்களாக வெளியிட்டார்கள். குடிநீர் பற்றி அக்கறை உள்ள யாரும் படிக்க வேண்டிய ஆவணம் அது. அதில் எனக்கு முக்கியமாகப் பட்ட ஒரு விஷயத்தை மட்டும் இங்கே விளக்கப் பார்க்கிறேன்: தினமும் அளக்க வேண்டிய ஒரே ஒரு எண்.

ஐந்தாம் எண் கிணறு

அந்த நேரத்தில் ஊருக்கு மூன்று ஆழ்துளைக் கிணறுகள் தண்ணீர் கொடுத்தன. எண் 5, 6, 7. இதில் ஐந்தாம் எண் கிணறு 1978ல் தோண்டியது. ஆழம் வெறும் 15 மீட்டர், அதாவது 50 அடி. அதிலும் தண்ணீர் வந்தது 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் இருந்த பாறை வெடிப்புகளில் இருந்து. முந்நூறு அடி, ஐந்நூறு அடி போர் போட்டுப் பழகிய நமக்கு இது கிட்டத்தட்ட தரைமட்டம்.

ஆழம் குறைவு என்பது மட்டும் பிரச்சினை இல்லை. மழைநீர் மண்ணுக்குள் மெதுவாக இறங்கும்போது மண்ணே ஒரு வடிகட்டியாக வேலை செய்யும். கிருமிகள் மண் துகள்களில் ஒட்டும், நாளாக நாளாகச் சாகும். அங்கே பாறைக்கு மேலே இருந்த மண் மிகவும் மெல்லியது. அதற்குக் கீழே விரிசல் விழுந்த பாறை. விரிசல் வழியாக இறங்கும் தண்ணீருக்கு வடிகட்டியே கிடையாது. ஓட்டைக் கூரை ஒழுகுவது மாதிரி நேராக உள்ளே வந்துவிடும். கிணறு தோண்டியபோதே நிலத்தடி நீர் ஆலோசகர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள். பக்கத்து நிலத்தை ஊர் நிர்வாகமே வாங்கிக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்வதைப் பற்றி யோசிக்கச் சொன்னார்கள். அது நடக்கவில்லை.

2000 ஏப்ரல் மாதம் பக்கத்துப் பண்ணையில் வழக்கம் போல எரு போட்டார்கள். மே 8 முதல் 12 வரை ஐந்து நாளில் 134 மில்லிமீட்டர் மழை. 12ஆம் தேதி மட்டும் சுமார் 70 மில்லிமீட்டர். எருவில் இருந்த கிருமிகள் மழையோடு சேர்ந்து கிணற்றுக்குள் இறங்கின. ஈ.கோலை ஓ157:எச்7, கேம்பிலோபேக்டர் ஜெஜுனி என்ற இரண்டும்தான் கிருமிகள். ஈ.கோலையில் பல வகை நம் குடலிலேயே சாதுவாக வாழ்பவை. இந்த ஓ157 ரகம் அப்படி இல்லை. ரத்தப் பேதி வரும். சிலருக்கு, முக்கியமாகச் சின்னக் குழந்தைகளுக்கு, சிறுநீரகமே பழுதாகும். வாக்கர்டனில் 27 பேருக்கு அந்தச் சிறுநீரகப் பாதிப்பு வந்தது.

பண்ணைக்காரர் மேல் தப்பு இல்லை என்று ஆணையம் தெளிவாகவே சொன்னது. முறைப்படிதான் எரு போட்டிருந்தார். மாடு இருக்கும் ஊரில் சாணம் இருக்கும், மழைக்காலத்தில் மழை பெய்யும். இரண்டும் சேர்ந்து வரும் நாளைத் தாங்கும்படி குடிநீர் அமைப்பு இருந்திருக்க வேண்டும்.

குளோரின் கணக்கு

கிருமியைக் கொல்லத்தானே குளோரின் போடுகிறோம், அது என்ன ஆச்சு?

பலரும் நினைப்பது, இத்தனை லிட்டருக்கு இத்தனை கிராம் குளோரின் போட்டால் தண்ணீர் சுத்தம் என்று. அது பாதிக் கணக்கு. தண்ணீரில் போட்ட குளோரின் கிருமியோடு மட்டும் சண்டை போடுவதில்லை. மக்கு, சாணம், இரும்பு, அம்மோனியா என்று வழியில் வரும் எல்லாவற்றோடும் வினை புரிந்து செலவாகும். செலவானது போக மிஞ்சி நிற்பதுதான் 'எஞ்சிய குளோரின்'.

ஒரு சின்ன உதாரணம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சுத்தமான கிணற்று நீர் அதில் 0.3ஐத் தின்றுவிடும். மிச்சம் 0.7. நல்லது. மழைக்கு அடுத்த நாள் சாண நீர் கலந்து வருகிறது. அதே 1 மில்லிகிராம்தான் போடுகிறீர்கள். இப்போது முழுவதும் தின்றுபோய் மிச்சம் பூஜ்யம். போட்ட அளவு மாறவே இல்லை. பாதுகாப்பு மட்டும் காணாமல் போய்விட்டது.

இந்த மிச்சம்தான் நான் சொன்ன அந்த எண். அதன் அழகே, எந்தக் கிருமி வந்தது என்று தெரியாமலேயே ஏதோ வந்திருக்கிறது என்று அது சொல்லிவிடும் என்பதுதான். நேற்று 0.7, இன்று 0 என்றால் உடனே பம்பை நிறுத்து என்று அர்த்தம். ஆய்வுக்கூடச் சோதனைக்கு மாதிரி எடுத்து, அனுப்பி, கிருமியை வளர்த்துப் பார்த்து, பதில் வர இரண்டு நாள் ஆகும். அதற்குள் ஊர் முழுக்கக் குடித்து முடித்திருக்கும். எஞ்சிய குளோரினை அளக்கச் சில நிமிடம் போதும்.

அன்றைய ஒன்டாரியோ விதிப்படி 15 நிமிடம் கலந்திருந்த பிறகும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும். அந்த அளவைக் காத்திருந்தால், அதாவது மிச்சம் குறையும்போது கூடுதல் குளோரின் போட்டோ கிணற்றை நிறுத்தியோ இருந்தால், இந்த நோய் பரவியிருக்காது.

மாறாத எண்கள்

கிணறுகளைக் கவனித்துக்கொண்டவர்கள் ஸ்டான் கோபல், ஃபிராங்க் கோபல் என்ற சகோதரர்கள். ஸ்டான் மேலாளர், ஃபிராங்க் அவருக்குக் கீழ் மேற்பார்வையாளர். தினமும் ஒவ்வொரு கிணற்றிலும் எஞ்சிய குளோரினை அளந்து ஒரு தாளில் எழுத வேண்டும். பெரும்பாலான நாட்களில் அவர்கள் அளக்கவே இல்லை. எழுத மட்டும் செய்தார்கள். தாளில் திரும்பத் திரும்ப வந்த எண்கள் 0.5, 0.75. பெருமழைக்கு அடுத்த நாட்களிலும் ஐந்தாம் எண் கிணற்றுக்குப் போய் வந்தார்கள். அப்போதும் அளக்கவில்லை.

கணினித் துறையில் வேலை செய்பவர்களுக்கு இது பழகிய வியாதி. சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று கேட்க ஒரு சோதனை வைப்போம். உள்ளே எதையும் பார்க்காமல் எப்போதும் '200 ஓகே' என்று பதில் சொல்லும்படி யாரோ ஒருவர் கோடு எழுதி வைத்திருப்பார். திரையில் எல்லாம் பச்சை, உள்ளே டேட்டாபேஸ் செத்துக் கிடக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. உண்மையில் அளந்த எண் ஆடும். 0.62, 0.48, 0.71 என்று ஏறி இறங்கும். மாதக்கணக்கில் இரண்டே எண்கள் மாறி மாறி வந்தால் அது கருவி காட்டியதல்ல, பேனா எழுதியது.

ஏன் அப்படிச் செய்தார்கள்? கெட்ட எண்ணம் இல்லை என்பதுதான் இதில் பயமுறுத்தும் விஷயம். குளோரின் வாடை பிடிக்கவில்லை என்று ஊர்க்காரர்கள் புகார் சொல்வார்கள், அதனால் குறைவாகப் போட்டார்கள். அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று அவர்களே நம்பினார்கள். கிணற்றடியிலேயே குளோரின் போடாத தண்ணீரைக் குடிப்பது அவர்கள் வழக்கம். தெளிவாக, குளிர்ச்சியாக, ருசியாக இருந்தது. பல வருடமாக ஒன்றும் ஆகவில்லை. ஸ்டானின் உரிமம்கூடத் தேர்வு எழுதாமல், அனுபவத்தின் பேரில் கிடைத்தது. ஈ.கோலை என்றால் எவ்வளவு ஆபத்து என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

ஒன்பது நாள்

மே 12 வாக்கில் கிருமி உள்ளே வந்தது. 15ஆம் தேதி வழக்கமான மாதிரிகள் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. 17ஆம் தேதி ஃபேக்ஸில் முடிவு வந்தது: ஈ.கோலை இருக்கிறது. ஃபேக்ஸ் போனது ஸ்டானுக்கு மட்டும். அந்தத் தனியார் ஆய்வுக்கூடம் சுகாதாரத் துறைக்குச் சொல்லவில்லை. சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டமும் இல்லை. 1996ல் அரசு ஆய்வுக்கூடங்கள் ஊர்த் தண்ணீரைச் சோதிப்பதை நிறுத்தி அந்த வேலையைத் தனியாருக்கு விட்டபோது, அந்த விதியை யாரும் எழுதவில்லை.

18ஆம் தேதி பள்ளியில் பிள்ளைகள் பலர் வரவில்லை. இரண்டு குழந்தைகள் ரத்தப் பேதியோடு பக்கத்து நகர மருத்துவமனைக்குப் போனார்கள். 19ஆம் தேதி அங்கிருந்த குழந்தை மருத்துவருக்குச் சந்தேகம் வந்து சுகாதாரத் துறைக்குத் தகவல் சொன்னார். அவர்கள் ஸ்டானுக்குப் போன் செய்தால், தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். கையில் அந்த ஃபேக்ஸ் இருக்கும்போதே! போனை வைத்துவிட்டுக் குழாய்களில் அளவுக்கு அதிகமாகக் குளோரின் ஏற்றிக் கழுவ ஆரம்பித்தார். 20ஆம் தேதி மறுபடி கேட்டபோதும் அதே பதில். 21ஆம் தேதி மதியம், ஸ்டானின் பேச்சைத் தாண்டி, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று சுகாதாரத் துறையே அறிவித்தது. 22ஆம் தேதி முதல் மரணம். டிசம்பர் வரை அந்த அறிவிப்பு நீடித்தது.

17ஆம் தேதி உண்மை வெளியே வந்து, 19ஆம் தேதியே எச்சரித்திருந்தால் 300 முதல் 400 பேர் நோயிலிருந்து தப்பியிருப்பார்கள் என்று ஆணையம் கணித்தது. இறந்தவர்களைக் காப்பாற்றியிருக்க முடியாது. ஏனென்றால் குடித்த நாளில் நோய் தெரியாது; மூன்று நான்கு நாள் கழித்துத்தான் வயிற்று வலி ஆரம்பிக்கும். அந்த 7 பேருக்கு உதவியிருக்கக்கூடிய எச்சரிக்கை 12, 13 தேதிகளில் கிணற்றடியில் அளந்திருக்க வேண்டிய எண் மட்டுமே.

யார் தப்பு?

சகோதரர்கள் இருவரும் 2004ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஸ்டானுக்கு ஒரு வருடச் சிறை, ஃபிராங்குக்கு ஒன்பது மாத வீட்டுக் காவல். ஓகானர் அத்தோடு நிற்கவில்லை. ஆபத்தான இடத்தில் இருந்த கிணற்றில் எஞ்சிய குளோரினையும் கலங்கலையும் தொடர்ந்து அளந்து, எண் தவறினால் தானே பம்பை நிறுத்தும் கருவி வைத்திருந்தால் இது நடந்தே இருக்காது என்றார். அதை வைக்கச் சொல்லியிருக்க வேண்டியது அமைச்சகம். 1998 சோதனையில் தண்ணீரில் ஈ.கோலையும் குறைவான குளோரினும் இருந்தது தெரிந்தும் யாரும் தொடர்ந்து போய்ப் பார்க்கவில்லை. அதே வருடங்களில் அமைச்சகத்தின் நிதியையும் ஆட்களையும் மாகாண அரசு பெரிய அளவில் வெட்டியிருந்தது.

இரண்டு பாகத்திலும் சேர்த்து 121 பரிந்துரைகள். அடிப்படை யோசனை ஒன்றுதான்: ஒரே தடுப்பை நம்பாதே. நீர் ஊறும் இடம், சுத்திகரிப்பு, குழாய், கண்காணிப்பு, அவசரநிலை ஏற்பாடு என்று அடுத்தடுத்து தடுப்பு வை. ஒன்று உடைந்தால் அடுத்தது பிடிக்கட்டும். 2002லேயே ஒன்டாரியோ பாதுகாப்பான குடிநீருக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தது.

நம் ஊர்த் தொட்டிக்கு

இதே கணக்கு நம் பேரூராட்சி மேல்நிலைத் தொட்டிக்கும் அப்படியே பொருந்தும். இந்தியத் தர நிர்ணயம் (ஐஎஸ் 10500) எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது. நாம் பெரும்பாலும் கேட்பது 'பிளீச்சிங் பவுடர் போட்டாச்சா, எத்தனை கிலோ?' என்று. பிளீச்சிங் பவுடரில் புதிதாக இருக்கும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். மூட்டையைப் பிரித்து ஈரத்தில் வைத்தால் நாளுக்கு நாள் வீரியம் போகும். கிலோ கணக்கு போட்ட அளவைச் சொல்லும், மிச்சத்தைச் சொல்லாது.

மிச்சத்தைப் பார்க்கச் செலவு அதிகமில்லை. குழாய்த் தண்ணீரில் மருந்து கலந்து நிறத்தை வைத்துப் பார்க்கும் சின்னக் கிட் கிடைக்கிறது. டிபிடி வகையில் இளஞ்சிவப்பு வரும். தொட்டிக்குப் பக்கத்தில் பார்ப்பதைவிட, குழாய் போய் முடியும் கடைசித் தெருவில் பார்ப்பது நல்லது. குளோரின் அங்கே வரை மிஞ்சினால் வழியெங்கும் மிஞ்சியிருக்கும். பெருமழைக்கு மறுநாள், குழாய் உடைந்து ஒட்டிய நாள் இரண்டிலும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. இப்போது பல வீடுகளில் டிடிஎஸ் மீட்டர் இருக்கிறது. அது தண்ணீரில் கரைந்த உப்பைத்தான் அளக்கும். கிருமிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ஓ157 கிருமியோடு வரும் தண்ணீரும் அதில் அருமையான எண் காட்டலாம். சந்தேகம் வந்தால் தண்ணீர் தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடமாவது விட்டு இறக்குங்கள். இந்த இரண்டு கிருமிகளுக்கும் அது போதும்.

உங்கள் ஊர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒரு தடவை பேசிப் பாருங்கள். குறை சொல்ல வேண்டாம், குறைந்த சம்பளத்தில் விடிகாலையில் வால்வு திறக்கிற மனிதர் அவர். அளக்கக் கிட் கொடுத்திருக்கிறார்களா, மருந்து தீர்ந்தால் யாரிடம் கேட்கிறார் என்று மட்டும் விசாரியுங்கள். அளக்க முடியாத நாளில் கட்டத்தைக் காலியாக விட்டால் யாரும் திட்ட மாட்டார்கள் என்ற தைரியம் அவருக்கு இருக்கிறதா என்பதும் முக்கியம். காலிக் கட்டத்தைப் பார்த்தால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். 0.75 என்று எழுதியிருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.